கிராண்டில் ஏறாத பெயர்கள்

மலேசியாவில் ஒரு தோட்டம் விலைக்கு வரும்போது நில முகவர்கள் தரும் விளம்பரம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு என்ன விலை, நிரந்தர உரிமையா 99 ஆண்டுக் குத்தகையா, சமதளமா மேடு பள்ளமா, செம்பனைக்கு என்ன வயது, மாதம் எத்தனை டன் குலை இறங்குகிறது, ஆலைக்கு எவ்வளவு தூரம், மலாய் ஒதுக்கீட்டு நிலமா இல்லையா. வாங்குகிறவர் அறிய வேண்டியது அத்தனையும் அதில் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, மாரியம்மன் கோயில் எந்த நிரையில் நிற்கிறது, பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் தோட்டத்து நிலத்தில் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்பதற்கு அதில் இடமில்லை.

தோட்டப்புறத்துப் பெரியவர்கள் நிலப்பட்டாவை ‘கிராண்டு’ என்பார்கள். கிராண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது நிலம். மூன்று தலைமுறை அதே மண்ணில் ரப்பர்ப் பால் வெட்டியிருந்தாலும் அந்தத் தாளில் பெயர் ஏறாது. ஜொகூரின் வடக்கே, சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் பெக்கோக்கின் கதையை அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம்.

அதற்கு முன்னால் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும். அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைகள் விலைக்கு வரும்போது சிலவற்றோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வரும். பண்ணையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், மாடு மேய்க்கலாம், புல் அறுக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். துண்டு போட்டு வீட்டுமனையாக மட்டும் விற்க முடியாது. அந்த உரிமையை முந்தைய உரிமையாளர் ஓர் அறக்கட்டளைக்கு விற்றோ கொடையாகத் தந்தோ இருப்பார். அது பத்திரத்தில் பதிவாகிவிடும். பண்ணை பத்துக் கை மாறினாலும் பத்தாவது ஆளையும் கட்டும். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற பகுதியில் பால் பண்ணை நடத்திய எலன் ஸ்ட்ராஸ், உயிரியலாளர் ஃபிலிஸ் ஃபேபரோடு சேர்ந்து 1980இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். நகரம் பெருத்துப் பண்ணைகளை விழுங்க வந்த நேரம் அது. அடுத்த ஆண்டே, 1981இல், இத்தகைய ஏற்பாட்டுக்கு ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது.

தமிழருக்கு இந்த எண்ணம் புதிதன்று. ஊரில் நிலம் வாங்கி விற்றவர்கள் ‘மாமூல் தடப் பாத்தியம்’ என்ற சொல்லை அறிவார்கள். காட்டை யார் வாங்கினாலும் பக்கத்துக் காட்டுக்காரரின் வண்டி போகும் தடத்தை மறிக்க முடியாது; பாத்தியம் ஆளோடு போகாமல் மண்ணோடு தங்கும். கோயிலுக்கு இறையிலியாக விட்ட நிலத்தைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சந்திராதித்தவரை’ என்று காலக்கெடு வைத்தன. சந்திரனும் சூரியனும் உள்ளமட்டும் அந்த நிலத்தின் விளைச்சல் விளக்கெரிக்கவே போக வேண்டும். எழுதி வைத்த அரசன் போன பிறகும் நிபந்தனை நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைக் கல்லில் வெட்டினார்கள்.

பெக்கோக்கில் கல்லுக்குப் பதிலாகத் தண்டவாளம் வந்தது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்கான ஜொகூர் அரசு ரயில் பாதை 1909இல் முடிந்தது. அதற்கு முன் ஜொகூரின் விவசாயம் ஆற்றங்கரைகளில் இருந்தது. கங்சு முறையில் சீனத் தலைவர்கள் ஆளுக்கோர் ஆற்றைச் சுல்தானிடமிருந்து எழுதி வாங்கி, மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். கம்பீர்த் தழையைக் காய்ச்ச விறகு வேண்டும். விறகு தீர்ந்ததும் அடுத்த ஆற்றுக்கு நகர்வார்கள். ரயில் வந்ததும் ஆற்றை நம்ப வேண்டியதில்லை. 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை உச்சத்தைத் தொட, தண்டவாளத்தின் இருபக்கமும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. 1917இல் கங்சு முறையைச் சட்டமே ஒழித்தது. ஆற்றுக்குத் தலைவன் இருந்த இடத்தில் நிலத்துக்குக் கம்பெனி வந்தது.

கம்பெனிக்குக் கிடைத்த தாள் புது வகையானது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த பதிவு முறை அதற்கு மூலம். பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பார்க்கத் தேவையில்லை. அரசுப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உரிமை; எழுதாதது உரிமை ஆகாது. முதல் போடுகிறவருக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. எழுதப்படாமல் அந்தக் காட்டில் வாழ்ந்தவர்களுக்கு, பெக்கோக் பக்கம் ஜக்கூன் மக்களுக்கு, இதைவிடக் கடுமையான முறையும் கிடையாது.

மரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கியது. தோட்ட முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று அதில் பணம் கட்ட, அந்தப் பணத்தில் கங்காணி தன் ஊர்ப்பக்கம் போய் ஆள் கட்டி வந்தார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தடுப்பு முகாமில் சில நாள் கிடந்து, பிறகு ரயிலேறித் தோட்டம் சேர்ந்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, நிரை பிரித்துப் பால் வெட்டி, வாளி சுமந்து ஸ்டோருக்கு வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவி பெற்றுப் போகும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. வந்தவர்கள் இனி இங்கேயே என்று ஆனது அப்போதுதான்.

அந்தக் காலத்துச் சட்டங்களில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜொகூர் 1936இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இயற்றியது. ஒதுக்கீடு என்று அறிவித்த நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடே போகும். விளம்பரத்தில் ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு வரி வருவது இதனால்தான். ரப்பர் அலையில் மலாய்க் குடியானவர்கள் நிலம் இழந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். ஒரு மக்களை மனத்தில் வைத்து நிலத்துக்கு நிபந்தனை போடும் வழி அன்றைய ஆட்சிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. லயத்தில் இருந்தவர்களை மனத்தில் வைத்து யாரும் அப்படி ஒன்றை எழுதவில்லை.

போர்க்காலம் அந்த லயங்களைப் பிடுங்கிப் போட்டது. 1942-43இல் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிப்போனார்கள்; போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. வட ஜொகூர்க் காடுகள் கம்யூனிஸ்ட் படையின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. 1958இல்கூட அங்கே பெரும் ராணுவ நடவடிக்கை நடந்தது. தனித்தனியே கிடந்த லயங்களை ஒன்றாகக் குவித்து முள்வேலி கட்டினார்கள், இரவில் ஊரடங்கு போட்டார்கள். சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவதற்கும் சோதனை இருந்தது.

இந்தச் சூழலில்தான் தோட்டங்கள் விலைக்கு வரத் தொடங்கின.

கொரியப் போரால் 1950-51இல் ரப்பர் விலை ஏறியது. கையில் காசு புரண்டவர்கள் நிலம் தேடினார்கள். மறுபக்கம், சுதந்திரம் வரப்போகிறது என்று கண்ட வெள்ளைக்காரப் பங்குதாரர்கள் கழன்றுகொள்ளப் பார்த்தார்கள். மரங்களோ கிழடாகிவிட்டன. மறுநடவு செய்தால் ஆறேழு ஆண்டு பால் கிடையாது. விற்பதே லாபம். ஆனால் ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கும் ஆள் கிடைப்பது அரிது. ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து கூட்டாக வாங்கி, அளந்து, ஐந்து பத்து ஏக்கர் துண்டுகளாக்கிச் சில்லறையில் விற்றார்கள். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுடைய லாபம். இதற்குத் தோட்டப்புறத் தமிழில் ‘துண்டாடல்’ என்று பெயர்.

கத்தி விழுந்தது நிலத்தின் மேல் மட்டுமன்று. மலாயாவின் கணக்கில் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளதுதான் ‘தோட்டம்’. அதற்குக் கீழே சிறு உடைமை. தோட்டம் என்றால் லயம், தண்ணீர்க் குழாய், மருந்தகம், ஆயாக்கொட்டாய், பள்ளிக்கூடம் என்று தொழிலாளர் சட்டம் கேட்கும். எட்டு ஏக்கர்க்காரரிடம் எந்தச் சட்டமும் அதைக் கேட்க முடியாது. அவரும் கெட்டவர் அல்லர்; தன் குடும்பத்தோடு தானே வெட்டிக்கொள்வார், ஆள் வேண்டுமென்றால் குத்தகைக்காரர் மூலம் தினக்கூலிக்கு எடுப்பார். அறுபது குடும்பத்துக்கு வேலை கொடுத்த மண் அதே மண்தான், அதே மரங்கள்தான். லயம் யாருடைய துண்டில் விழுந்ததோ அவர் அதை இடித்தார், அல்லது வாடகை கேட்டார். ஆயாக்கொட்டாய்க்கு அம்மா இல்லை. வாத்தியார் வேறு தோட்டத்துக்குப் போனார். மாசம் பத்துத் தேதிக்குச் சம்பளம் என்று வாழ்ந்தவர்கள் மூட்டை கட்டி ரயிலடிக்கு வந்தார்கள்.

தோட்டத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. பி.பி. நாராயணன் தலைமையில் 1954இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியச் சங்கம் அது. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை, உங்கு அஸீஸ் தலைமையில், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்தது. பத்தாண்டில் பிளந்த நிலம் லட்சக்கணக்கான ஏக்கர். ஆனால் ஒவ்வொரு விற்பனையும் சட்டப்படி சரியானது. கிராண்டில் பெயருள்ளவர் விற்றார், பணம் உள்ளவர் வாங்கினார்.

வீ.தி. சம்பந்தன் கண்டது இந்த இடத்தைத்தான். சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டக்காரரின் மகன், 1955 முதல் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர், அமைச்சர். விற்காதே என்று முதலாளியைத் தடுக்க அவரிடம் சட்டம் இல்லை. விற்கட்டும், வாங்குகிறவர் நாமாக இருப்போம் என்ற முடிவுக்கு வந்தார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கின் விலை நூறு வெள்ளி. பால்வெட்டுக்காரரால் அதை ஒரேயடியாகக் கட்ட முடியாது. முதலில் பத்து வெள்ளி போதும், மீதியைச் சிறுகச் சிறுகக் கட்டலாம் என்றார்கள். கே.ஆர். சோமசுந்தரமும் அவரும் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வாசல்களில் பேசினார்கள். ஒரு தோட்டத்துக்காரர் பத்து வெள்ளி கொடுத்தால் அந்தப் பணத்தில் எங்கோ கெடாவில் முன்பின் பார்த்திராத ஒரு தோட்டம் வாங்கப்படும், அங்குள்ளவர்களின் லயம் பிழைக்கும். தன் தோட்டம் விலைக்கு வரும் நாளில் கெடாக்காரரின் பத்து வெள்ளி தனக்கு உதவும். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு ஆயிரக்கணக்கானோர் பணம் கொடுத்தார்கள் என்பது மலேசியத் தமிழர் வரலாற்றில் இன்னும் போதிய இடம் பெறாத செய்தி. வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். 1974இல் அமைச்சரவையை விட்டு விலகிய பிறகும் 1979இல் இறக்கும்வரை சம்பந்தன் சங்கத்தின் வேலையைப் பார்த்தார். அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் பதினைந்துக்கு மேற்பட்ட தோட்டங்களும் பல்லாயிரம் உறுப்பினர்களும் சங்கத்தில் இருந்தார்கள்.

விலைக்கு வந்ததையெல்லாம் வாங்க அந்தப் பணம் எட்டவில்லை என்பதும் உண்மை. துண்டான நிலத்துக்கு முன் சங்கம் வாங்கியது சிறு பங்கு. பெக்கோக் வட்டாரம் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் தோட்டங்கள் பெருங்கம்பெனிகளின் கையில் முழுசாகத் தப்பின, அல்லது சிறு துண்டுகளாயின.

சட்டம் பின்னால் வந்தது. 1966 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தில் பிற்பாடு 214ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். 40 ஹெக்டேருக்குக் குறையாமல் ஒட்டிக் கிடக்கும் விவசாய நிலம் ‘தோட்ட நிலம்’. அதைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்ற முடியாது. பழைய நூறு ஏக்கர்க் கணக்குத்தான் ஹெக்டேரில் திரும்பி வந்தது. இன்றும் வட ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தை வாங்குகிறவருக்கு வழக்கறிஞர் முதலில் சொல்வது இந்த ஒப்புதலைப் பற்றித்தான்.

இதை அமெரிக்கப் பண்ணைப் பாத்தியத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வாரியத்தின் ஒப்புதல் ஒரு விற்பனைக்கு ஒருமுறை. ஒப்புதல் கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு நிலத்தின் மேல் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது. பட்டாவில் ‘விவசாயம்’ என்றும் ‘செம்பனை’ என்றும் நிபந்தனை உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி விண்ணப்பித்து, மாநில அரசு இசைந்து, கூடுதல் பிரிமியம் கட்டினால் விவசாயம் வீட்டுமனையாகும். பாத்தியத்துக்கும் அந்தச் சட்டத்தில் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் அது ஒரு நிலத்துக்காரர் இன்னொரு நிலத்துக்காரருக்கு அவருடைய நிலத்தின் பயனுக்காகத் தருவது. நிலமே இல்லாத ஓர் அறக்கட்டளைக்கோ, லயத்தில் குடியிருக்கும் ஒருவருக்கோ அதைத் தர வழியில்லை. மாமூல் தடத்துக்குச் சட்டம் உண்டு. மாமூல் குடிக்கு இல்லை.

அமெரிக்க ஏற்பாடும் புல்லையும் மண்ணையும்தான் காத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பண்ணையில் பால் கறக்கும் கூலிக்காரரின் வீட்டைப் பற்றி அது பேசுவதற்கில்லை. பெக்கோக் தோட்டத் தொழிலாளிக்கு அது மட்டும் கிடைத்திருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்ததோடு லயத்தின் கணக்கே மாறியது. ரப்பருக்கு நாள்தோறும் கை வேண்டும். அதே பரப்பில் செம்பனைக்கு ஆள் குறைவு. ஆரம்பத்தில் செம்பனையிலும் பெண்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஆண் பூவின் தூளைப் பெண் பூவின்மேல் கையால் தூவ வேண்டும். கேமரூனில் அந்த வேலையைச் சிறு வண்டு ஒன்று செய்கிறது என்று பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கண்டறிந்தார். பெக்கோக்கிலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் எட்டிவிடும் குளுவாங்கின் பாமோல் தோட்டத்தில் 1981 பிப்ரவரியில் அந்த வண்டை விட்டார்கள். நாடு முழுவதும் அது பரவியது. பூத்தூவும் வேலை அத்தோடு முடிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூள் குழல் பிடித்த பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கப் போனார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனியைக் கைப்பற்றியது. ஏறத்தாழ 2,00,000 ஏக்கர் தோட்ட நிலம் பங்குகளின் வழியே நாடு திரும்பியது. ஒரு சதுர அடிக்குக்கூட நிலப் பதிவேட்டில் பெயர் மாற வேண்டியிருக்கவில்லை. கம்பெனியின் பெயர் அதேதான். துரைமார் போனார்கள், உள்ளூர் மேனேஜர்கள் வந்தார்கள். லயத்து வாசலில் நின்றவருக்குப் பெரட்டு நேரம் மாறவில்லை.

விற்றால் வேலை போகிறவருக்கு என்ன என்பதை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் நிர்ணயித்தன. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபத்தைந்து ஆண்டு பால் வெட்டியவர் கணக்குப் பார்த்தால் 500 நாள் கூலி. புது முதலாளி ஏழு நாளுக்குள் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வந்தால் அதுவும் கிடையாது. கூலிக்குக் கணக்கு இருந்தது, வீட்டுக்கு இல்லை. வேலை போனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், ஏனென்றால் வீடு வேலையின் ஒரு பகுதி.

பெக்கோக்கின் கிழக்கே வேறொரு நிலத்துக்கு நிபந்தனை கிடைத்தது. செம்பனைக் காட்டுக்குள் நெடுந்தூரம் செம்மண் சாலையில் போனால் செலாய் ஆறு. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் ஒரு நுழைவாயில் அங்கேதான். 1977இல் பகாங் பக்கம் மரம் வெட்ட உரிமம் கொடுத்தபோது நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. 1985-86இல் மலேசிய இயற்கைச் சங்கத்தின் ஆய்வுப் பயணம் காட்டின் மதிப்பை ஊருக்குச் சொன்னது. 1993இல் ஜொகூர் தன் பக்கத்து 49,000 ஹெக்டேர் அளவிலான காட்டை அரசிதழில் பூங்காவாக அறிவித்தது. தோட்டத்தின் கடைசி நிரை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. காட்டோரம் ஜக்கூன் கிராமங்கள். அவர்களுக்கும் கிராண்டு கிடையாது. ஆனால் 1997இல் ஜொகூரில் ஒரு தீர்ப்பு வந்தது. லிங்கியூ அணைக்காக எடுத்த காட்டைப் பற்றி அடோங் குவாவ் என்பவரும் அவர் மக்களும் தொடுத்த வழக்கில், பட்டா இல்லாவிட்டாலும் மூதாதையர் காலந்தொட்டு அந்தக் காட்டால் வாழ்ந்ததே ஓர் உரிமை என்று உயர் நீதிமன்றம் ஏற்று இழப்பீடு வழங்கச் சொன்னது. தாளில் இல்லாததும் உரிமையாகலாம் என்று ஜொகூர் மண்ணில் சொல்லப்பட்டது அப்போது.

இப்போது ஆற்றோரத்தில் பத்திருபது மீட்டர் விட்டு நட வேண்டும், அரிய உயிர்கள் உள்ள காட்டுத் துண்டைத் தொடக் கூடாது என்று செம்பனைக் கம்பெனிகளும் சான்றிதழ் வாங்குகின்றன. இந்தச் சான்றிதழுக்கான உலக அமைப்பு 2004இல் தொடங்கியது. மலேசியாவின் சொந்தச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கம்பெனியின் சான்றிதழ், நிலப்பதிவேட்டில் ஏறுவதில்லை.

பதிவேட்டில் ஏறும் ஒரு வழி தோட்டப்புறத்தில் நெடுங்காலமாக உண்டு. விற்பதற்கு முன்பே முதலாளி மனம் வைத்தால், கோயில் நிற்கும் இடத்தையும் பள்ளிக்கூடத்தையும் தோட்டத்திலிருந்து அளந்து பிரித்துத் தனி லாட்டாக்கி, தனிக் கிராண்டு எடுத்துக் கொடுக்கலாம். சில தோட்டங்களில் அப்படி நடந்தது. பிரிக்காத இடங்களில் கோயிலுக்கு நோட்டீஸ் வந்தது. பள்ளிக்கூடத்தின் உரிமம் மட்டும் எங்கோ ஒரு தாமான் குடியிருப்புக்குப் போனது, பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற சொல்லோடு. பிரித்த இடங்களில், சுற்றிலும் எத்தனை கை மாறினாலும், செம்பனை நிரைகளுக்கு நடுவே நாலு அளவைக் கல்லுக்குள் ஒரு சூலமும் ஒரு வேப்பமரமும் நிற்கின்றன. ஆடி மாதத்தில் சிகாமட்டிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் கார்கள் அங்கே வருகின்றன. லயம் இருந்த இடம் எது என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்டுகிறார்கள்.